நீச்சல் டீச்சர் வீட்டுக்கு விலை

ஊரில் பாதிப் பேருக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர் என்பதால் அவருக்கு நீச்சல் டீச்சர் என்றே பெயர் நின்றுவிட்டது. குளத்தின் ஒரு முனையில் நின்று மறுமுனையில் திணறுகிறவரை அதட்டியே பழகிய குரல். வீட்டில் அவர் உப்பு டப்பா எங்கே என்று கேட்டால் பக்கத்து வீட்டிலும் தேடுவார்கள்.

தண்ணீரில் மீன்போலத் திரிந்தவருக்கு மாடிப்படிதான் எமனாக வந்தது. முழங்கால் மக்கர் செய்தது, படுக்கையறையோ மேலே. வீட்டை விற்றுவிட்டுத் தரைத்தளத்தில் ஒரு சின்ன ஃப்ளாட்டுக்குப் போய்விடலாம் என்று முடிவெடுத்தார். அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வுபெற்ற கணவர், மனைவி முடிவெடுத்த பின் வழக்கமாகச் சொல்லும் "சரி"யைச் சொன்னார்.

முதலில் வந்த புரோக்கர் வாசலில் நுழையும் முன்பே அவருடைய சென்ட் வாசனை கூடத்துக்கு வந்துவிட்டது. மாடிக்குக்கூட ஏறாமல், காபியை உறிஞ்சியபடி ஒரு விலை சொன்னார். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும், அந்த விலைக்குச் சமீபத்தில் எந்த வீட்டை விற்றுக்கொடுத்தீர்கள் என்று கேட்டுவைத்தார். புரோக்கருக்கு உடனே ஒரு முக்கியமான போன் வந்துவிட்டது.

இரண்டாமவர் அதற்கு நேர்மாறு. ஆள் கைவசம் இருக்கிறது, நாளைக்கே முடித்துவிடலாம் என்று அவர் சொன்ன தொகையைக் கேட்டு, டீச்சர் காபியே போடாமல் அனுப்பிவிட்டார்.

மூன்றாவதாக ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்தாள். டார்ச்சை எடுத்துக்கொண்டு மூலைமூலையாகக் குனிந்து பார்த்தாள், குழாய்களைத் திறந்து மூடினாள், மொட்டைமாடிவரை ஏறினாள். அக்கம்பக்கத்தில் எந்தெந்த வீட்டுக்கு எவ்வளவு கேட்டார்கள், கடைசியில் எவ்வளவுக்குப் போனது என்று விவரமாகச் சொன்னாள். பிறகு அவள் சொன்ன விலை, சென்ட்காரர் சொன்னதற்கு வெகு கீழே இருந்தது.

டீச்சருக்கு முகம் சுருங்கிவிட்டது. மகள் பிறந்து வளர்ந்த வீடு, தேக்குக் கதவு, காற்று எப்படி வரும் தெரியுமா என்று அடுக்கினார். அந்தப் பெண் எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"தெருக்கோடியில ஒரு வீடு விலைக்கு இருக்கு டீச்சர். நாளைக்கு நீங்களும் சாரும் வாங்க வர்ற மாதிரி போய்ப் பாருங்க. அப்புறம் பேசலாம்."

போனார்கள். அதுவும் மாடி வீடுதான்; ஏறக்குறைய அதே வயசு, அதே அளவு. டீச்சர் உள்ளே நுழைந்ததும் ஆரம்பித்தார். படி செங்குத்தாக இருக்கிறது, சமையலறை இருட்டு, அலமாரிக் கதவு பல்லை இளிக்கிறது. வீட்டுக்காரர் தன் பிள்ளைகள் ஓடி விளையாடிய வராந்தா என்று நெகிழ்ந்தபோது, அதனால் எனக்கென்ன என்பதுபோல் தரை விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் விலையைக் கேட்டார். சென்ட்காரர் சொன்ன அதே தொகை.

"இந்த வீட்டுக்கா?" என்று கேட்டுவிட்டார். தெருவுக்கே கேட்டிருக்கும்.

திரும்பும்போது கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்தார். தோள்கள் மட்டும் குலுங்கின. பாதி வழி வந்ததும் டீச்சருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அன்று மாலையே ஸ்கூட்டர் பெண்ணைக் கூப்பிட்டு, வேலையை அவளிடமே ஒப்படைத்தார். விலையையும் அவள் சொன்னபடியே வைத்தார்கள்.

அடுத்த சிக்கல் கணவர். ஆயுள் முழுக்கப் பிழை கண்டுபிடித்த மனிதர். வீடு பார்க்க வந்தவர்களிடம், மழைக்காலத்தில் பின்னறைச் சுவரில் ஈரம் கசியும் என்று தானாகவே காட்டிக்கொடுத்தார். டீச்சர் பல்லைக் கடித்தார். ஆட்கள் வரும்போது இவரை எங்கேயாவது அனுப்பிவிடட்டுமா என்று புரோக்கர் பெண்ணிடம் தனியாகக் கேட்டார்.

"வேணாம் டீச்சர், சார் இருக்கட்டும். எப்படியும் தெரியப்போறதுதானே. இப்பவே தெரிஞ்சா விலையில பேசிக்கலாம். அட்வான்ஸ் வாங்கினப்புறம் தெரிஞ்சா ஆளே ஓடிடுவாங்க."

வந்தவர்களில் ஒரு நர்ஸும் அவள் கணவனும் ஈரச் சுவரை நன்றாகத் தடவிப் பார்த்தார்கள். வேறென்ன குறை என்று நர்ஸ் கேட்க, சார் உற்சாகமாகி மொட்டைமாடிவரை கூட்டிப்போய் ஒவ்வொன்றாகக் காட்டினார். இறங்கி வந்தபோது மூவரும் பழகிய சொந்தக்காரர்கள்போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். சுவர் வேலைக்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, அவர்களுக்கே வீடு முடிந்தது.

சாமான்கள் லாரியில் ஏறிய அன்று டீச்சர் ஒவ்வோர் அறையாக நின்று பார்த்தார். கண் கலங்கத்தான் செய்தது. கணவர் பக்கத்தில் வந்து, வெறுங்கூடத்தைச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"காலியா இருந்தா எவ்ளோ பெரிசா தெரியுது பாரேன். இன்னும் கொஞ்சம் கூடக் கேட்டிருக்கலாமோ?"

டீச்சர் அழுதுகொண்டிருந்ததை மறந்து சிரித்தார். வெளியே லாரி ஹாரன் அடித்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கணவர் தோளைப் பிடித்தபடி வாசல்படி இறங்கினார்.