கோடு என்று சொன்னதற்கு

1964 மழைக்காலத்தில் அமுதத்தின் நெற்றியில் ஒரு கோடு விழுந்தது. வகிட்டிலிருந்து வலப்புருவம் நோக்கி, தொட்டால் மெழுகுபோல வழுவழுவென்று. கப்பலேறி வந்து குடியிருந்த தீவில், ஹேடோ குவார்ட்டர்ஸில் அடுப்பும் கைக்குழந்தையுமாகக் கிடந்தவளுக்குக் கண்ணாடி பார்க்க ஏது நேரம்? ஆனால் கோடு இறங்கியது, வாரத்துக்கு ஒரு நெல் நீளம். போன வழியில் முடி கொட்டியது, தோல் குழிந்தது. தூங்கும்போது யாரோ கத்தியால் கீறிவிட்டுப் போவது போலிருந்தது. ரத்தமில்லை, வலியுமில்லை. வலித்திருந்தால் இவ்வளவு பயந்திருக்கமாட்டாள்.

டிஸ்பென்சரி கம்பவுண்டர் இந்திக்காரர். "க்யா ஹுவா?" என்ன ஆச்சென்று கேட்டார்.

"கோடு சாப், கோடு!" விரலால் நெற்றியில் இழுத்துக் காட்டினாள்.

அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். தொடாமலே ஏதோ எழுதினார்.

மறுநாள் குழாயடிக்கு அவள் போனதும் பேச்சு நின்றது. குடங்கள் ஒவ்வொன்றாக விலகின. பக்கத்து வீட்டுப் பொன்னம்மா மட்டும் தள்ளி நின்று சொன்னாள்.

"அமுதக்கா, புள்ளைய எங்கிட்ட குடுத்துருங்க. வியாழக்கிழமை கப்பல்ல ஒங்கள மெட்ராஸுக்கு ஏத்துறாங்களாம்."

"எதுக்குடி?"

"குஷ்டமாமே. நீங்களே சொன்னீங்களாம்."

"எவன் சொன்னான்? கோடுன்னுதான சொன்னேன்!"

பொன்னம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யய்யோ, இந்தியில கோட்னா குஷ்டம்க்கா!"

வீட்டில் கணவன் சிலுவைராஜ் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். கிட்டே வரவில்லை.

"ஏழு வருசமா என் கையால தின்ன வாயிதான? கொண்டாய்யா எம்புள்ளைய!" பிடுங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

டாக்டர் பக்தவத்சலம் அவளைக் கண்ணை மூடச் சொன்னார். "பஞ்சால தொடுவேன். எங்கன்னு சொல்லணும்."

இருட்டு. ஒன்றும் தெரியவில்லை. நேரம் போயிற்று. மடியில் குழந்தை மூச்சுவிடுவது மட்டும் கேட்டது. தொட்டுவிட்டாரோ, தனக்குத்தான் தெரியவில்லையோ?

"தொட்டாச்சா சாமி?"

"இன்னும் இல்ல."

அப்புறம் ஈ உட்கார்ந்ததுபோல ஒன்று. "இப்போ! கோட்டு மேலயே!" அடுத்தது ஊசி. "யம்மா! குத்திப்புட்டீங்களே!"

"உணர்ச்சி இருக்கு. குஷ்டம் இல்லம்மா. தோல் இறுகுற நோய், அபூர்வம். வாளால வெட்டுன மாதிரி விழும். புள்ளைக்கு ஒட்டாது."

"போயிருமா?"

"குழிஞ்சது குழிஞ்சதுதான். மேல எறங்காம பாப்போம்."

குஷ்டமில்லை என்று கையோடு சீட்டெழுதினார். கப்பல் அவளில்லாமல் போனது. வாரம் ஒருமுறை கோட்டின் ஓரத்தில் ஊசி. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் மாதம், புருவத்துக்கு ஒரு விரல் மேலே அது நின்றது.

ஒருநாள் மடியிலிருந்த குழந்தை அந்தக் கோட்டில் விரல் வைத்து மெதுவாகக் கீழே இழுத்தது. கோடு முடிந்த இடத்தில் விரல் நிற்கவில்லை. அதே நேர்கோட்டில், புருவம் தாண்டி, கண்ணை நோக்கி வந்தது.

அமுதம் அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.