மூன்றாவது பொத்தான் சிவப்பு

யார் சாகப்போகிறார்கள் என்று அந்த ஸ்டுடியோவில் முதலில் தெரிந்துகொள்கிறவள் தையலக்காதான். கதை அவள் கைக்கு வராது. எந்த நடிகைக்கு எத்தனை உடுப்பு என்ற சீட்டு மட்டும் வரும். ஒரே கவுன் மூன்று வேண்டும் என்று எழுதியிருந்தால் அந்தப் பெண் பிழைக்கமாட்டாள். ஒன்று நல்லது, ஒன்று கிழிந்தது, ஒன்று ரத்தம் தோய்ந்தது. "பாவம், இவளுக்கு மூணு" என்று சொல்லிக்கொண்டே துணியை வெட்டுவாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் பதினாலு திகில் படம். அத்தனைக்கும் ஒரே சட்டதிட்டம்தான், யாரும் எழுதி வைக்காத சட்டதிட்டம். சாகப்போகிறவளுக்கு வெளிர் நிறம், அப்போதுதான் சிவப்பு எடுப்பாகத் தெரியும். கலகலவென்று சிரித்துப் பேசுகிற பெண்ணுக்குக் குட்டைப் பாவாடை, அவள் முதல் அரைமணி நேரத்தைத் தாண்டினால் பெரிய விஷயம். கழுத்துவரை பொத்தான் போட்ட அடக்கமான பெண் கடைசிவரை ஓடிப் பிழைப்பாள். கொலை செய்கிற ஆளுக்குப் பழுப்பும் சாம்பலும், அதுவும் சாயம் போனதாக. முகத்தில் ஒரு தழும்பு, இல்லையென்றால் நடையில் ஒரு நொண்டல், கூட யாரும் இல்லாத வாழ்க்கை. நன்றாகச் சாப்பிட்டு, நன்றாக உடுத்தி, கூட்டுக் குடும்பமாக வாழ்கிற ஒருத்தர்கூட அந்தப் பதினாலு படத்தில் யாரையும் கொல்லவில்லை.

ஒரு தரம் டைரக்டரிடம் கேட்டே விட்டாள். "ஏன் தம்பி, தழும்பு இருக்கறவங்கதான் கொலை பண்ணுவாங்களா? என் சித்தப்பாவுக்கு முகத்துல இவ்ளோ பெரிய தழும்பு. எறும்பக்கூட மிதிக்க மாட்டாரு."

டைரக்டர் சிரித்தார். அவளைவிடப் பத்து வயது இளையவர், கெட்டவரும் இல்லை. "சனங்க யோசிக்கக் கூடாதுக்கா. பாத்ததும் தெரியணும். யோசிக்க ஆரம்பிச்சா பயம் போயிடும்."

அதற்குமேல் அவளும் யோசிக்கவில்லை. வேலைக்கு வந்த இடத்தில் நியாயம் பேசிக்கொண்டிருந்தால் யார் தைப்பது?

பதினைந்தாவது படத்தில்தான் வினை பிடித்தது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகும் ஒரு வயதான பெண்தான் அதில் வில்லி. தையலக்கா நாலு உடுப்பு தைத்துக் காட்டினாள். நாலையும் டைரக்டர் ஓரமாகத் தள்ளினார். "வேஷம் மாதிரி இருக்குக்கா. இவங்க நெஜமாவே எங்கயோ இருக்காங்கன்னு தோணணும். நம்ம தெருவுலயே இருக்காங்கன்னு தோணணும்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மாடி ஏறும்போது எதிரே மூன்றாம் மாடி அம்மா இறங்கி வந்தார்.

அந்த அம்மாவை அவளுக்கு ஏழெட்டு வருஷமாகத் தெரியும். ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. எப்போதோ நீராவி இஸ்திரிப்பெட்டி அழுத்தியதில் இடது கை வெந்துபோய், அதை ஒரு கறுப்புக் கையுறைக்குள் வைத்திருப்பார். நாள் முழுக்க நின்று வீங்கிய இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். காதடைப்புக்காகத் தலையில் இறுக்கிக் கட்டிய சாம்பல் நிறத் துணி, முழங்காலுக்குக் கீழே தொங்கும் பழுப்புக் கோட்டு. கோட்டின் மூன்றாவது பொத்தான் மட்டும் சிவப்பு. பதினைந்து நாளைக்கு முன்னால் தையலக்காதான் அதைத் தைத்துக் கொடுத்தாள். பழுப்பில் பொத்தான் கிடைக்கவில்லை. கிடைத்த சிவப்பும் ஒரு நூல் பெரிசு, துளைக்குள் நுழைய அடம்பிடிக்கும். "பரவால்ல கண்ணு, விழாம இருந்தாப் போதும்" என்று அந்த அம்மா வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது அந்த அம்மா படியில் ஒதுங்கி வழிவிட்டார். "என்ன கண்ணு, மூஞ்சி வாடிக் கெடக்கு?"

"வேலை ஜாஸ்திம்மா" என்றாள் தையலக்கா. அவள் கண் கோட்டின் மேலேயே நின்றுவிட்டது.

மூன்று நாளில் அதே கோட்டு ஸ்டுடியோவில் தயார். தேநீர்ச் சாயத்தில் ஊறவைத்து, முழங்கை தேயும்வரை செங்கல்லால் உரசி, தலைத்துணி, கையுறை எல்லாம் சேர்த்து. நடிகை இடது கையால் குழந்தையைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று கேமராமேன் சொன்னதால் கையுறையை மட்டும் வலது கைக்கு மாற்றினாள். பொத்தானைப் பற்றி அவள் யோசிக்கவேகூட இல்லை. கை பழக்கதோஷம், பார்த்ததைப் பார்த்தபடி தைத்துவிட்டது. மூன்றாவது பொத்தான் சிவப்பு.

நடிகை அதைப் போட்டுக்கொண்டு விளக்கு வெளிச்சத்துக்கு வந்து நின்றதும் அவ்வளவு பேரும் கப்சிப் என்று ஆகிவிட்டார்கள். "இதான்! இதான்க்கா!" என்று டைரக்டர் கை தட்டினார். தையலக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையில் யாரும் கேட்காமலே ஒரு யோசனையும் சொன்னாள். "இடது கால லேசா இழுத்து நடங்கம்மா. ரொம்ப இல்ல, லேசா."

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. பஸ் நிறுத்தத்தில் ஆளுயரப் போஸ்டர் வைத்தார்கள். கோட்டு, கையுறை, சிவப்புப் பொத்தான். முகம் இருட்டில். முகம் தெரியாமல் போனதுதான் கொடுமை, யார் முகத்தை வேண்டுமானாலும் அதில் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் குடியிருப்புக் குழந்தைகள் படியில் சுவரோடு ஒட்டி நின்றார்கள். அப்புறம் ஓடினார்கள். மூன்றாம் மாடிக் கதவில் யாரோ சாக்குக்கட்டியால் ஒரு கை வரைந்துவிட்டுப் போனார்கள். தையலக்காவின் பதினோரு வயது மகள், அப்பா லாரியோடு வெளியூர் போய்விடுவதால் அம்மாவின் நிழலிலேயே வளர்ந்தவள், அந்தப் படத்தைத் தோழி வீட்டில் திருட்டுத்தனமாக நாலு தரம் பார்த்திருந்தாள். மேலே செருப்புச் சத்தம் கேட்டால் போதும், போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள்.

ஒருநாள் அந்த அம்மா கோட்டோடு வந்தார். ஓரம் பிரிந்திருந்தது.

"பசங்க என்னப் பாத்தா ஓடுதுங்க கண்ணு. என்னன்னே தெரியல. நான் யாரையும் ஒரு வார்த்த சொன்னதில்லயே."

தையலக்கா சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். வந்தது வேறு. "இந்தக் கோட்டு பழசாயிடுச்சும்மா. நான் புதுசா ஒண்ணு தச்சுத் தரட்டுமா? நல்ல நீலத்துல?"

"இதுக்கு என்ன கொறச்சல்? நீ தச்ச பொத்தான் கல்லு மாதிரி நிக்குது பாரு."

வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது. ஓரத்தைத் தைத்துக் கொடுத்து அனுப்பினாள். பொத்தானையாவது பிய்த்து எறிந்திருக்கலாம். அதைக்கூடச் செய்யவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்தே தூறல். மூன்று மணி வாக்கில் கீழ்வீட்டில் அலறல் கேட்டது. அவர்களுடைய நாலரை வயதுப் பெண்ணை, எல்லாரும் பட்டாணி என்று கூப்பிடுகிற சின்னதை, காணவில்லை. தெருவையே சல்லடை போட்டுச் சலித்தார்கள். மூன்றரைக்கு வாசலில் முப்பது பேர். தேடுகிற கூட்டம் எந்த நிமிஷத்தில் வேறு கூட்டமாக மாறியது என்று அங்கே நின்றவர்களுக்கே தெரிந்திருக்காது.

"அந்தக் கோட்டுக்காரி எங்க?" என்று பேப்பர் கடைக்காரர்தான் முதலில் கேட்டார்.

"நான் பாத்தேன்" என்றது ஒரு குரல். தையலக்காவின் மகள். "பட்டாணி கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க."

தையலக்கா மகளைத் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "எந்தக் கையால பிடிச்சாங்க?"

"கருப்புக் கையுறை போட்ட கை. வலது கை. இப்படி."

வலது கை. அந்த அம்மாவுக்கு வெந்தது இடது கை. உலகத்திலேயே வலது கையில் கறுப்புக் கையுறை மாட்டிக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனவள் ஒருத்திதான், அவள் தையலக்கா தைத்த உடுப்பில் திரையில் நடந்தவள். மகள் பொய் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் சொன்னாள், பார்த்த இடத்தை மாற்றிவிட்டாள்.

"அது படத்துல வர்றது! நான் தச்சது! இவ அதப் பாத்துட்டு சொல்றா!" என்று தையலக்கா கத்தினாள்.

"வலதோ இடதோ, கை கைதானே?" என்றார் பேப்பர் கடைக்காரர். பட்டாணியின் அப்பா யாரையும் பார்க்கவில்லை. அவர் கையில் இரும்புக் குழாய் ஒன்று இருந்தது.

"நாலு மணி பஸ்லதான் அது வரும்" என்று யாரோ சொன்னார்கள்.

அவள் பின்வாசல் வழியாக ஓடினாள். மகளை உள்ளே போகச் சொல்லவும் தோன்றவில்லை. பஸ் நிறுத்தத்தை அடைந்தபோது அந்த அம்மா அப்போதுதான் இறங்கி, தன்னைப் போலவே உடுத்திய போஸ்டருக்குப் பக்கத்தில், தலைத்துணியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அத்தனை நாள் அந்தப் போஸ்டரை அவர் நின்று பார்த்ததில்லை போலிருக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸைத்தான் பார்ப்பார்கள்.

"கோட்டக் கழட்டுங்கம்மா. சீக்கிரம். துணியையும், கையுறையையும்."

"என்னாச்சு கண்ணு?"

"போஸ்டரப் பாருங்க."

அந்த அம்மா பார்த்தார். மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்து, பொத்தானில் வந்து நின்றார்.

"நான்தாம்மா பண்ணேன்" என்றாள் தையலக்கா. அழுதுகொண்டே தன் சந்தன நிற மேல்கோட்டைக் கழற்றினாள். "உங்களப் பாத்துத்தான் தச்சேன். நடக்கவும் நான்தான் சொல்லிக் குடுத்தேன். பட்டாணியக் காணோம், நீங்கதான்னு வாசல்ல நிக்கறாங்க. இதப் போட்டுக்கிட்டு நேராப் போங்க. ஆஸ்பத்திரிப் பக்கமாப் போயிடுங்க."

அந்த அம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை. சந்தன நிறக் கோட்டுக்குள் நுழைந்து, முடியை அவிழ்த்து விட்டுக்கொண்டு, வெந்த கையைக் கோட்டுப் பைக்குள் செருகினார். தூறலில் நடுங்கிக்கொண்டு நின்ற தையலக்காவைப் பார்த்ததும் அவருக்கு என்ன தோன்றியதோ, பழுப்புக் கோட்டை அவள் தோளில் போட்டு, நல்ல கையால் ஒவ்வொரு பொத்தானாக மாட்டினார். மூன்றாவதைக் கட்டைவிரலால் அழுத்தித் திணித்தார்.

"நனையாத" என்றார்.

தெருமுனையில் கூட்டம் அதற்குள் வந்துவிட்டது. அந்த அம்மா அதற்கு நேர் எதிரே நடந்தார். தையலக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கால் இழுக்கத்தான் செய்தது. யாரும் அதையோ அவர் முகத்தையோ பார்க்கவில்லை. பேப்பர் கடைக்காரர் ஒதுங்கி வழிவிட்டார். "பாத்துப் போங்கம்மா, வழுக்கும்" என்றுகூடச் சொன்னார்.

அப்போதுதான் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை நீண்டு அவளைக் காட்டியது.

"அதோ! அதோ கோட்டு!"

அது அவள் பெற்ற மகளின் குரல்.

அவள் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தாள். கோட்டு திறந்தால் யாரென்று தெரிந்துவிடும். முதலாவது வந்தது, இரண்டாவதும் வந்தது. மூன்றாவது வரவில்லை. கல்லு மாதிரி நின்றது. உள்ளே அவள் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. மேலே திறந்த இடத்தில் அது பளிச்சென்று தெரிந்திருக்கும், ஏனென்றால் "அம்மா!" என்று மகள் கத்தினாள். ஆனால் அதற்குள் முதல் கல் வந்துவிட்டது.

பட்டாணி அரைமணி நேரம் கழித்துக் கிடைத்தாள். மொட்டைமாடி அறையில், தையலக்கா ஸ்டுடியோவிலிருந்து துவைக்க எடுத்துவந்து போட்டிருந்த உடுப்புக் கூடைக்குள் ஒளிந்து விளையாடி, ரத்தச் சாயம் தோய்ந்த கவுன்களின் மேலேயே தூங்கிப்போயிருந்தாள். எட்டிப் பார்த்த ஆள் வீல் என்று கத்திய பிறகுதான் சின்னது கண்ணைத் திறந்து, பசிக்குது என்றதாம்.

தையலக்கா பிழைத்தாள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. மூன்றாம் மாடி அம்மா தினமும் வேலை முடிந்ததும் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார், பேசமாட்டார். மாசக் கடைசியில் வீட்டைக் காலிசெய்துகொண்டு போனார். அவர் பேசாமல் போனதைத்தான் தையலக்காவால் இன்றுவரை தாங்கமுடியவில்லை.

இடது புருவத்திலிருந்து கன்னம்வரை பதினேழு தையல். கோணலாக ஆறியிருந்தது. "நான் போட்டிருந்தா நேரா இருந்திருக்கும்" என்று அவளே ஸ்டுடியோவில் சொல்லிச் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள், சிரித்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். வீட்டுப் படியில் குழந்தைகள் இப்போது அவளுக்காகச் சுவரோடு ஒட்டி நிற்கிறார்கள்.

பதினாறாவது படத்துக்குச் சீட்டு வந்தது. வெளிர் மஞ்சள் கவுன், மூன்று. அளவெடுக்கும் நாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் குனிந்து துணியை விரித்தாள். பக்கத்து அறையில் டைரக்டர் மேக்கப்காரரிடம் குரலைத் தாழ்த்திப் பேசுவது கேட்டது.

"அக்கா மூஞ்சிய நல்லாப் பாத்து வச்சுக்க. வில்லிக்கு அதே தழும்பு வேணும். அப்படியே."

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அந்த அறை வாசலில் போய் நின்றாள். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு நொடிதான், ஆனால் அந்த ஒரு நொடி இரண்டு பேரும் பயந்துபோனார்கள்.