கோமதிநாயகத்தின் கைராசி

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடையில் நின்ற காலத்திலேயே கோமதிநாயகத்துக்குக் கைராசிக்காரர் என்று பெயர். காலையில் முதல் சாமானைக் கண்ணில் ஒற்றி எடுத்துக் கொடுத்தாரென்றால் அன்றைக்குக் கடையில் கூட்டம் அலைமோதும். பிறகு ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. ராசியும் கூடவே போயிற்று.

அங்கே இரும்பைத் துளைக்கும் டிரில் பிட்டுகளுக்குப் பொன்னிறத்தில் மேல்பூச்சுப் போட்டார்கள். காற்றை உறிஞ்சியெடுத்த எஃகுக் கூண்டுக்குள் டைட்டானியம் கட்டியில் ஆர்க் என்னும் மின்வில்லைப் பற்றவைப்பார்கள். வெல்டிங் போலப் பொறி அதன் முகத்தில் ஓடித் திரியும். உலோகம் அயனியாகப் பறந்து, உள்ளே விடும் நைட்ரஜனோடு சேர்ந்து பிட்டில் படியும். பிட்டுகளைக் கழுவி, கையுறை மாட்டி, உள்ளே அடுக்குவது கோமதிநாயகம். அவர் அடுக்கியது ஒன்றுகூடச் சோடை போனதில்லை.

எண்பத்தாறில் கோயம்புத்தூர் ஆலைக்காரர்கள் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். பூச்சு பிடித்தால் இந்தப் பூச்சுத் திட்டம் பிழைக்கும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவர்கள் வருவதற்கு முந்தின நாள் ஆய்வுக்கூடத் தலைவர் அழகியநம்பி கூண்டடிக்கே வந்துவிட்டார். அத்தனை படித்த மனுஷர் சொன்னதைக் கேளுங்கள்.

"ஓய், இன்னைக்கு அந்த உறையைக் கழத்தும். உம்ம கை நேரா படட்டும், கேட்டீரா?"

கோமதிநாயகத்துக்கு மட்டும் ஆசை இருக்காதா! எண்ணெய் தடவித் தலைவாரி வந்த கையால் ஒவ்வொரு பிட்டையும் எடுத்து, கண்ணில் ஒற்றி, உள்ளே வைத்தார்.

கூண்டைத் திறந்தபோது எல்லாம் தகதகவென்று இருந்தன. அழகியநம்பி துணியால் ஒரு துடை துடைத்தார். பொன் செதில் செதிலாக உதிர்ந்தது.

"கரண்டு குறைஞ்சிருக்கும்," என்றார் சோர்ந்துபோய்.

கோமதிநாயகம் ஒரு பிட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வழுவழுப்பான காம்பில், பூச்சு உதிர்ந்த இடத்தில் கட்டைவிரல் ரேகை தெரிந்தது. ஐயோ, அவருடைய ரேகையேதான்! வாயை மூடிக்கொண்டால் பழி கரண்டோடு போகும், கைராசிக்காரர் பேரும் தப்பும். மனசு கேட்கவில்லை.

"கரண்டு இல்ல சாரே. எண்ணெய்க் கை. என் கைதான்."

புது பிட்டுகளைக் கழுவி, கையுறை மாட்டி, மறுபடி அடுக்கினார். கண்ணில் ஒற்றத் தூக்கிய கையைப் பாதியிலேயே இறக்கிக்கொண்டார்.

மறுநாள் ஆலைக்காரர்கள் எஃகுப் பாளத்தைத் துளைத்துத் துளைத்துப் பார்த்தார்கள். பூச்சு அசையவில்லை. திட்டம் பிழைத்தது.

அழகியநம்பி ஓடிவந்து முதுகில் தட்டினார். "பாத்தீரா! நான் சொல்லல்ல? எல்லாம் உம்ம கைராசிதாம்வே!"

கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணும் நிறைந்துவிட்டது.

"என் கை அதைத் தொடவே இல்லியே சாரே!"