கெட்ட செய்தியை முதலில் கேட்ட பத்மஜா மேடம்

செய்தி வந்தபோது நான் குர்லா தாண்டி ஹார்பர் லைன் மின்சார ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கை மேலே பிடியில், ஒரு கை போனில். பேசியவர் பத்மஜா மேடத்தின் தம்பி, கோபர்கைரனேயில் இருப்பவர். "அக்கா காலம்பற போய்ட்டா. எட்டு மாசமா ட்ரீட்மென்ட் நடந்துண்டிருந்தது. ஆஃபீஸ்ல யாருக்கும் சொல்லப்படாதுன்னுட்டா" என்றார். எட்டு மாதம்! அதில் எத்தனை திங்கட்கிழமைகள்! ஒவ்வொரு திங்களும் என் எதிரே உட்கார்ந்து, "அண்ணாச்சி, கெட்ட சேதிய முதல்ல சொல்லுங்கோ" என்று உயிரை வாங்கிய பெண்மணி, தன் சேதியை மட்டும் சொல்லாமலே போய்விட்டார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. செம்பூரில் இறங்க மறந்து கோவண்டி வரை போய்த் திரும்பி வந்தேன்.

அவரோடு சைட்டில் வேலை பார்த்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவர் நினைவாக எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். செம்பூரில் பழைய ஹவுசிங் சொசைட்டிக் குடியிருப்பை இடித்துப் புதிதாகக் கட்டும் நம் வேலைக்கு அவர் புராஜெக்ட் மேனேஜர், நான் சைட் எஞ்சினியர். அவர் மாதுங்காவில் வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பம். நான் தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிக்காரன். வயதில் அவர் எனக்கு ஆறு வருடம் சின்னவர். "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அந்தத் திங்கட்கிழமைக் கூட்டம் நினைவிருக்கிறதா? கெட்ட செய்தி சொல்லாதவருக்கு டீ கிடையாது. நல்ல செய்தியெல்லாம் டீக்குப் பிறகு. "நாற்பது பேர் வேலை பாக்கற எடத்துல ஒரு வாரத்துல ஒண்ணுமே கெட்டுப்போகலைன்னா யாரோ பொய் சொல்றான்னு அர்த்தம்" என்பார். முதல் மாதம் எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டோம். பிளம்பிங் காண்டிராக்டர் ஷிண்டேவுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, டீயும் வேண்டும். எழுந்து நின்று, "மேடம், மேரீ சாஸ் ஆ ரஹீ ஹை" என்றார். மாமியார் வருகிறாராம். மேடம் அதையும் குறித்துக்கொண்டு, "எத்தனை நாள் இருப்பா? வேலைக்கு லேட்டா வருவேளா?" என்று ஹிந்தியில் கேட்டார். இப்படி ஒரு ஆளோடு எப்படித்தான் காலம் தள்ளுவது?

ஒருமுறை தலைமை அலுவலகம் எங்களை ஹோட்டலில் நடந்த தலைமைப் பண்புப் பயிற்சிக்கு அனுப்பியது. கோட் போட்ட பையன் ஒருவன் திரையில் படம் படமாகக் காட்டினான். குழுவின் தவறை மேனேஜர் தன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும், பாராட்டைக் குழுவுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றான். எல்லோரும் கை தட்டினோம். மேடம் கை தூக்கினார். "பாராட்டு சரி. அவா தப்பையும் நானே எடுத்துண்டா தப்பு பண்ணினவாளுக்கு என்ன மிஞ்சும்? அடுத்த தடவையும் அதையேதான் பண்ணுவா" என்றார். பையன் சிரித்து மழுப்பினான். இவர் விட்டாரா? சாப்பாட்டு மேஜை வரைக்கும் துரத்திக்கொண்டு போய்ப் பேசினார். எனக்கு மானம் போயிற்று. சாம்பார் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்தப் பேச்சு என் தலையிலேயே விடியும் என்று அப்போது தெரியாது. லிஃப்ட் விஷயம் உங்களுக்குத் தெரியும். திருத்திய வரைபடம் வாட்ஸ்ஆப்பில் வந்திருந்தது. நான் பழைய வரைபடத்தை வைத்து ஆர்டர் கொடுத்துவிட்டேன். வந்து இறங்கிய லிஃப்ட் பெட்டி, கட்டி வைத்த குழிக்குள் நுழையாது. மாற்றி வரவழைக்க மூன்று மாதம். நான் என்ன செய்தேன்? வேலை சார்ட்டில் 'எல்லாம் சரி' என்று காட்டும் பச்சைக் கட்டத்தைப் பச்சையாகவே விட்டுவிட்டு, மூன்று திங்கட்கிழமை வேறு ஏதோ சில்லறைக் கெட்ட செய்தி சொல்லி டீ குடித்தேன். நாலாவது வாரம் மேடமே டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்துவிட்டார்.

திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "ஞாயித்துக்கெழமை சொசைட்டி மீட்டிங்ல நீங்க சொல்லணும்" என்றார். வாடகை வீடுகளில் மூன்று வருடமாகக் காத்திருக்கும் நாற்பது குடும்பங்கள் முன்னால்! கெஞ்சினேன். "மேடம், நீங்க சொன்னா கேட்டுக்கிடுவாங்க. என்னைய உரிச்சு உப்புக்கண்டம் போட்டுருவாங்க." "அதனாலதான் நான் சொல்லப்படாது அண்ணாச்சி. பக்கத்துல நிக்கறேன். ஆனா உங்க தப்பை நான் வாங்கிக்க மாட்டேன்." சொன்னபடியே பக்கத்தில் வந்து நின்றார். வாயைத் திறக்கவில்லை. முட்டி வலியோடு நாலாவது மாடி வாடகை வீட்டில் ஏறி இறங்கும் ஹரிஹரன் சார் என்னைக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "எஞ்சினியர் சார், மூணு வாரம் முன்னாடியே தெரியும்னா ஏன் சொல்லலை?" அன்றிலிருந்து பதினைந்து நாள் மேடத்தோடு நான் பேசவில்லை, வேலை விஷயம் தவிர. அவரும் சமாதானம் சொல்ல வரவில்லை. பிடிவாதம்! ஆனால் அடுத்த மாதம் குழாய் விரிசல் விட்டதை அதே நாள் மத்தியானம் ஷிண்டே தானே வந்து சொன்னார். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை தோறும் மேடம் மத்தியானமே கிளம்பிவிடுவார். "பேங்க் வேலை" என்பார். எட்டு மாதம் ஒருவருக்கு என்ன பேங்க் வேலை? நான் கேட்கவில்லை. பிள்ளையார் சதுர்த்திக்குப் புது வீட்டுச் சாவி தருவதாகச் சொல்லியிருந்தோம். அதற்குத் தீயணைப்புச் சான்றிதழ் வேண்டும். சில திருத்தங்கள் செய்து விண்ணப்பத்தைத் திரும்பக் கொடுக்கத் தீயணைப்புத் துறையில் சொல்லியிருந்தார்கள். "அதை நான் பாத்துக்கறேன்" என்றார் மேடம். சார்ட்டில் பச்சை. அவர் போய் நாலு நாள் கழித்து மேஜை டிராயரைத் திறந்தால், விண்ணப்பம் அப்படியே கிடக்கிறது. கொடுக்கவே இல்லை. அந்த மேஜை முன்னால் உட்கார்ந்து, "நல்லா இருக்கு மேடம் நீங்க பண்ணுன காரியம்! எனக்கு ஒரு நியாயம், ஒங்களுக்கு ஒரு நியாயமா?" என்று வாய்விட்டே கேட்டேன். வெளியே பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் அழுகை வந்தது.

சதுர்த்திக்குச் சாவி கிடையாது என்று யாராவது சொல்லியாக வேண்டும். பல குடும்பங்கள் வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியும் விட்டன. தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "மேடம் தவறிட்டாங்க, அதனால தாமதம்னு மட்டும் சொல்லிடுங்க. யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க." கேட்கமாட்டார்கள்தான். எல்லோரும் 'உச்' கொட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அவர் பெயரும் கெடாது, என் பெயரும் கெடாது.

போன ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய் நின்றேன். பக்கத்தில் ஆள் இல்லை. "சதுர்த்திக்குச் சாவி தர முடியாது. விண்ணப்பத்தைக் கொடுக்காம வச்சிருந்தது பத்மஜா மேடத்தோட தப்பு. எட்டு மாசம் அவங்க பாதி நாள்ல எழும்பிப் போறதைப் பாத்துக்கிட்டு, என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்காம இருந்தது என்னோட தப்பு" என்றேன். முன்வரிசையில் இருந்த ஒரு மாமி எழுந்துவிட்டார். "போனவாளைப் பத்தி இப்படிப் பேசலாமோ? நாக்கு அழுகிடும்!" "பேசக்கூடாதுதான் மாமி. ஆனா அவங்க தப்பை நான் மறைச்சா, அவங்களே என்னை விடமாட்டாங்க" என்றேன். யாரும் கத்தவில்லை. ஹரிஹரன் சார் மட்டும், "உடம்பு முடியலைன்னா எங்களண்டை சொல்லியிருக்கலாமே. நாங்க என்ன அடிச்சுடவா போறோம்?" என்றார். அதைத்தான் நானும் கேட்கிறேன். பதில் சொல்ல ஆள்தான் இல்லை.

பிறகு யோசித்துப் பார்த்தேன். கெட்ட செய்தியைச் சொல்ல எங்களுக்கு ஒரு இடம் போட்டுக் கொடுத்தார். அவர் சொல்வதற்கு நாங்கள் ஒரு இடமும் போட்டுக் கொடுக்கவில்லை. மேனேஜருக்கு உடம்பு இருக்கும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பயிற்சிப் பையன் காட்டிய படங்களிலும் அது இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தக் கோபம்தான். ஆற விடப்போவதில்லை. சைட்டில் இப்போது யார் நேரத்துக்கு முன்னால் கிளம்பினாலும் கேட் வரைக்கும் கூடவே போகிறேன். "உண்மையைச் சொல்லும்வே, உடம்புக்கு என்ன? கூட வரட்டா?" என்று கேட்கிறேன். எல்லோருக்கும் எரிச்சலாக இருக்கிறது. இருக்கட்டும்.