பொட்டு வைத்த கார்டு

பாஞ்சாலி வீட்டில் அடி விழுந்தால் எங்கள் வீட்டில் மாட்டியிருக்கும் மாதா படம் ஆடும். ஜீவனஹள்ளியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவள் புருஷன் நாகேஷ் டெம்போ ஓட்டுகிறவன். வெளியே வாயில்லாப் பூச்சி, வீட்டுக்குள் புலி. அவனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பாஞ்சாலி வீட்டிலேயே கல்யாண வீடியோக்களை எடிட் செய்து ஸ்டூடியோக்களுக்குக் கொடுப்பவள். அதற்குக் கம்ப்யூட்டருக்குள் கிராபிக்ஸ் கார்டு வேண்டும். செங்கல் கனம், மூன்று ஃபேன். அது இல்லையென்றால் படமும் ஓடாது, அவள் பிழைப்பும் ஓடாது. பெண்டாட்டி சொந்தக் காலில் நிற்பது நாகேஷுக்கு வயிற்றெரிச்சல். ஒருநாள் கார்டைப் பிடுங்கி வாசற்படியில் அடித்து நொறுக்கினான். தடுக்கப் போனவளுக்குப் பல் ஒன்று போனது.

அழுது ஓய்ந்தவள் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் வேறொரு பழைய கார்டு வாங்கினாள். கூடவே காயலான்கடையில் உயிர் போன கார்டுகளையும் பொறுக்கி வந்தாள்.

"இது எதுக்குடி?" என்றேன்.

"அவருக்கு, நோராக்கா."

அன்று முதல் தெருமுனையில் டெம்போ சத்தம் கேட்டதும் கம்ப்யூட்டரை அணைப்பாள். திருகைக் கழற்றி, கொக்கியை அழுத்தி, நல்ல கார்டை உருவிக் கவரில் சுற்றி அரிசி டிரம்முக்குள் புதைப்பாள். செத்ததைச் செருகிவிடுவாள். அவன் வெறி வந்து அதைப் பிடுங்கி மிதிப்பான். இவள் மாரில் அடித்துக்கொண்டு அழுவாள். கார்டு மிதிபட்ட நாளில் அவளுக்கு அடி குறைவு. நானும் ஓடிப்போய் ஒப்புக்கு அழுதுவிட்டு, வீட்டுக்கு வந்து சிரிப்பேன்.

ஆயுத பூஜை வந்தது. நாகேஷ் டெம்போவைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, குங்குமம் அடைத்த பூசணிக்காயை நடுத்தெருவில் உடைத்தான். பாஞ்சாலி கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைத் திறந்து நல்ல கார்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அவனே குஷியாக வந்து அதற்குச் சூடம் காட்டினான். அவன் கண் அந்தப் பொட்டிலேயே நின்றது. அவளைச் சமையலறைக்கு இழுத்து, "அந்தச் செத்ததுங்களுக்கும் ஒரு பொட்டு வெச்சிடுடி," என்றேன்.

"செத்ததுக்கு எவளாவது பொட்டு வெப்பாளாக்கா? வேல செய்யறதுதான் ஆயுதம். சாமி குத்தமாயிடும்."

சாமி குத்தம் பார்த்தவள் புருஷன் கண்ணைப் பார்க்கவில்லை.

அந்த வாரமே குடித்துவிட்டு வந்தான். சத்தம் கேட்டு நான் அவர்கள் ஜன்னலுக்கு ஓடினேன். கார்டைப் பிடுங்கி, மிதிக்கக் காலைத் தூக்கியவன் அப்படியே நின்றான்.

"பொட்டு எங்கடி?"

"அழிஞ்சி போச்சி."

"நான் சூடம் காட்டுன கார்டு எங்கடி? இத்தினி நாளா என்னை பேக்காக்கினியா?"

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவள் வலது கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். "பாவி, விடுடா!" என்று ஜன்னல் கம்பியை உலுக்கினேன். "நீ சும்னிரு!" என்று என் வாயை அடக்கினான். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பிறகு அவள் தலையைச் சுவரில் மோதினான். எங்கள் வீட்டில் மாதா படம் விழுந்து உடைந்தது.

"அரிசில இருக்கு," என்று பாஞ்சாலி முனகினாள். "விடு, நானே எடுத்துத் தரேன்."

விட்டான். இடது கையால் டிரம்மைத் துழாவினாள். அவன் கையை நீட்டினான். அவள் கார்டை அவன் முகத்தில் கொடுத்தாள். மூக்கு உடைந்து விழுந்தான். எழப் பார்த்தவனுக்கு மறுபடியும் கொடுத்தாள். கார்டுத் தகட்டின் முனை புருவத்தைக் கிழித்தது. போதும் என்று நான் சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஏசுவே என்னை மன்னிக்கட்டும்.

அவன் தவழ்ந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்து தெருவுக்கு ஓடினான். நான் உள்ளே போனபோது அவள் ஒற்றைக் கையால் கார்டைச் செருகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பக்கம் அழுத்துக்கா. ஆஸ்பத்திரிக்கு அப்புறம் போலாம்."

அழுத்தினேன். டக்கென்று உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டாள். ஒரு ஃபேன் உடைந்து கடகடத்தது. திரையில் யாரோ ஒரு கல்யாணப் பெண் சிரித்தாள். அதைப் பார்த்த பிறகுதான் பாஞ்சாலி அழுதாள். இந்த முறை நடிப்பு இல்லை.

மணிக்கட்டு சரியாகக் கூடவில்லை. இப்போது மௌஸ் பிடிப்பது இடது கையில். நாகேஷ் அத்திபெலேயில் அக்கா வீட்டோடு கிடக்கிறான். இந்தப் பக்கம் வருவதில்லை.

போன ஆயுத பூஜைக்கு என்னைக் கூப்பிட்டாள். கார்டுக்குக் குங்குமம் வைத்தாள். செத்த கார்டுகள் எங்கே என்று கேட்டேன்.

"தூக்கிப் போட்டுட்டேன். இனிமே அது எதுக்குக்கா?" என்றாள்.