சீற்றுக்கு அடியில் இருந்தது

போன மாதம் மார்க்கம் வீதியில் இருக்கும் தையற்கடை ஒன்றுக்குக் காற்சட்டை கட்டையாக்கக் கொண்டுபோனேன். தையற்காரர் மெஷினைச் சரித்து வைத்து, சின்னக் குப்பியின் மூக்கால் அதற்கு எண்ணெய் விட்டார். வாசனை ஏறியதும் என் வலது கை, என்னைக் கேளாமலே, நான் இருந்த கதிரைக்கு அடியில் போனது.

"என்னண்ணை, ஏதும் விழுந்திட்டுதோ?"

இல்லை என்றேன். கதிரைக்கு அடியில் ஒரு நூற்பந்து கிடந்தது, அவ்வளவுதான். ஆனால் தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தை மாதக் காலையில், வேறொரு இருக்கைக்கு அடியில் என் கை போனபோது அங்கே வேறொன்று இருந்தது.

இப்போது ரக்சி ஓடும் பிள்ளைகள் என்னிடம் பாதை கேட்பதில்லை. பாதையை ஃபோன் சொல்கிறது. "பாதுகாப்புக்கு என்ன வச்சிருக்கலாம், அங்கிள்?" என்றுதான் கேட்கிறார்கள். பேஸ்போல் மட்டை என்கிறான் ஒருவன். அதைவிடப் பெரிதாக ஒன்றைக் கண்ணால் மட்டும் காட்டுகிறான் இன்னொருவன். அந்த இரண்டாமவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு காரும் இரண்டு முதுகும்

அருளண்ணையும் நானும் ஒரே காரை ஓடினோம். கார் எங்களுடையது அல்ல. நகரசபை கொடுக்கும் ரக்சி பிளேட் வேறொருவர் கையில் இருந்தது. அவரிடம் காரை வாடகைக்கு எடுத்திருந்தோம். பகல் எனக்கு, இரவு அவருக்கு. விடிய, ஸ்காபரோவில் ஒரு டோனட் கடை வாசலில் அவர் இறங்குவார், அவருடைய முதுகுச்சூடு ஆறமுன் நான் ஏறுவேன்.

அவர் மன்னார்க்காரர். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் செபமாலை தொங்கவிட்டிருந்தார். அதற்குக் கீழே நான் ஒரு முருகன் படம் ஒட்டியிருந்தேன். "முன்னுக்கு ரெண்டு பேர் காவல் நிக்கினம் குகன். பின்னுக்கு ஏறுறவன்தான் பிரச்சினை" என்று சிரிப்பார்.

அவர் கட்டை, நான் நெட்டை. அவர் சீற்றை ஸ்ரியறிங்கோடு ஒட்ட இழுத்துவைத்து ஓடுவார். நான் ஏறியதும் முதல் வேலை, கீழே உள்ள பிடியை உயர்த்திச் சீற்றைப் பின்னுக்குத் தள்ளுவது.

கார்த்திகையில் பின்னுக்கு ஏறிய ஒருவன் அவருடைய கழுத்தை வெட்டினான். காதடியிலிருந்து கொலர்வரை. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் தடுப்புக் கண்ணாடி போட்டுத்தரச் சொல்லி பிளேட்காரரிடம் கேட்டார். ஏறுகிறவர்களுக்கு அது பிடிக்காது என்று பிளேட்காரர் சிரித்தாராம். காயம் காய்ந்ததும் கழுத்தைச் சுற்றி ஒரு சால்வையோடு வேலைக்கு வந்தார். பகிடி நின்றுபோயிருந்தது.

என்னுடைய கதை வேறு. மனைவியும் மகளும் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். அவர்களை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தேன். நான் விட்டு வரும்போது கைக்குழந்தையாக இருந்தவள் இப்போது டெலிஃபோனில் "அப்பா எப்ப கூப்பிடுவீங்கள்?" என்று கேட்டாள். என் பெயரில் ஒரு பொலிஸ் கேஸ் விழுந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் போய்விடும். அதனால் மஞ்சள் வெளிச்சத்தில்கூட நான் சிக்னலைத் தாண்டுவதில்லை.

இறுகிய சீற்று

அந்தத் தை மாத நாள் விடிய அருளண்ணை கோப்பிகூடக் குடிக்காமல் கார்த் திறப்பைத் தந்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்துபோனார். முகத்தைப் பார்க்கவிடவில்லை.

வழக்கம்போலப் பின் சீற்றைத் துடைத்தேன். ஒரு நீலப் பஃபர் கிடந்தது, ஆஸ்துமாக்காரர்கள் வாயில் வைத்து அமுக்குவது. சனம் எதைத்தான் விட்டுவிட்டு இறங்காது? ஒற்றைக் கையுறை, குடை, ஒருமுறை கட்டுப்பல். ரக்சிக் கொம்பனி ஒப்பிசில் கொடுக்கலாம் என்று பஃபரை ஜக்கெற் பொக்கெற்றில் போட்டேன்.

முன்னுக்கு ஏறிச் சீற்றைத் தள்ளினேன். அசையவில்லை. இன்னும் ஊன்றித் தள்ளினேன். ஏதோ தடுத்தது. அதற்குள் ஹீற்றர் காருக்குள் சூட்டைப் பரப்ப, அந்தச் சூட்டில் ஒரு வாசனை எழும்பியது.

தையல் மெஷின் எண்ணெய்.

இளந்தாரியாகச் சுன்னாகத்தில் ஒரு தையற்கடையில் வேலை செய்தவன் நான். இயக்கப் பெடியள் சின்னக் குப்பியோடு வந்து நிற்பார்கள். முதலாளி ஒன்றும் கேளாமல் எண்ணெயை நிரப்பிக் கொடுப்பார். எதற்கு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் மெஷின் இல்லாதவனிடம் அந்த வாசனை வந்தால், அவனிடம் வேறு என்ன இருக்கிறது என்பதும் தெரியும்.

கையை அடியில் விட்டேன். சீற்று ஓடும் தண்டவாளத்தில் ஒரு துவாய் சிக்கியிருந்தது. இழுத்து மடியில் வைத்து அவிழ்த்தேன்.

சின்னப் பிஸ்ரல். நான் கண்டவற்றைவிட மிகச் சிறியது. அந்தச் சிறுமைதான் என்னைக் குலைத்தது. ஒரு குழந்தையின் சப்பாத்தைப்போல என் உள்ளங்கைக்குள் அடங்கியது. இதற்குப் பயந்துதானே கடல் தாண்டினேன், காடு தாண்டினேன், பிறத்தியான் பாஸ்போட்டில் ஆகாயம் தாண்டினேன். அது எனக்கு முன்னமே வந்து என் சீற்றுக்கு அடியில் படுத்திருந்தது.

ரேடியோ என் கார் நம்பரைக் கூப்பிட்டது. பழகிய கை மைக்கை எடுத்தது, பழகிய வாய் வருகிறேன் என்றது. துவாயைச் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

ஒரு கதைக்குக் கேட்டேன்

கூப்பிட்டது வசந்தியக்கா. ஒரு லோயரின் ஒப்பிசில் கிளார்க்; எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்ப்பவரும் அவர்தான். கோட்டில் வழக்கு உள்ள நாட்களில் ஃபைல் பெட்டிகளோடு என் காரில்தான் போவார், எப்போதும் முன் சீற்றில். அன்றும் ஒரு பெட்டி மடியில், மற்றது காலடியில்.

கார் எக்ளிங்டன் வீதியில் ஏறியதும் கேட்டேன். "அக்கா, ஒரு கதைக்குக் கேக்கிறன். ஒரு ரக்சிக்காரன் தன்ரை பாதுகாப்புக்கு ஒரு துவக்கு வச்சிருந்தா?"

"கதைக்கோ?"

"கதைக்குத்தான்."

"உள்ள போவான். வேலைக்குத் துவக்கு கொண்டுபோறதெண்டா, வங்கிக்குக் காசு ஏத்திற ஆக்கள் மாதிரி அதுக்கெண்டு பேப்பர் வேணும். ரக்சிக்காரருக்கு உதைக் குடுக்கமாட்டினம். பயந்தவன் எண்டாலும் சரி, வெட்டு வாங்கினவன் எண்டாலும் சரி."

"அதே காரை இன்னொருத்தன் ஓடினா? துவக்கு அவன்ரை இல்லைத்தானே?"

"அவனுக்குத் தெரியுமோ, தெரியாதோ?"

"தெரிஞ்சா?"

"தெரியாட்டில் பிழையில்லை. தெரிஞ்சுகொண்டு காருக்குள்ள இருந்தா அவனுக்கும் கேஸ். ஓடுறவனுக்கு மட்டுமெண்டு நினையாதையும். பக்கத்தில சும்மா இருக்கிறவைக்கும்…"

வைப்பர் பனியை இங்குமங்கும் தள்ளிக்கொண்டிருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்ரியறிங்கில் இருந்த என் கைகளைப் பார்த்தார்.

"தம்பி, உந்தக் கார்…"

"அக்கா, அது வந்து…"

"சொல்லாதையும்! வாயைத் திறவாதையும். காரை நிப்பாட்டும்!"

வீதியோரம் நிறுத்தினேன். கோட்டுக்குப் போகிற மனிசி, இரண்டு பெட்டிகளையும் பனிக்குவியலின்மேல் இறக்கிவைத்தார். சப்பாத்து முழுதும் பனிச்சேறு. கதவைச் சாத்தமுன் குனிந்து, "நீரும் இறங்கும். எங்கயாவது விட்டிட்டு இறங்கி நிண்டுகொண்டு ஒப்பிசுக்கு ஃபோன் அடியும்" என்றார். பிறகு இடுப்பால் கதவைத் தள்ளிச் சாத்திவிட்டு, வேறொரு ரக்சிக்குக் கை காட்டினார்.

எங்கள் ஊரில் தெரியும் என்றவனுக்கும் அடி விழுந்தது, தெரியாது என்றவனுக்கும் அடி விழுந்தது. இந்த நாட்டில் அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறார்கள். ஒரு வாசனையை மோந்ததால் நான் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தேன். ஒரு வெள்ளைக்காரனுக்கு அது வெறும் எண்ணெய் நாற்றம். அவன் ஜன்னலைத் திறந்துவிட்டு ஓடிக்கொண்டிருந்திருப்பான்.

நீலமாக ஏதோ

டோனட் கடைக்கு முன்னால் காரைப் பூட்டிவிட்டு, உள்ளே போய்க் கடை டெலிஃபோனில் அருளண்ணையைக் கூப்பிட்டேன். நித்திரை இல்லாத கண்ணோடு வந்து எனக்கு முன்னால் இருந்தார்.

"ஆர் உம்மை அதுக்குள்ள கிண்டச் சொன்னது?"

"சீற் இறுகிப் போச்சுதண்ணை."

"எல்லாம் உம்மடை நீளக் காலாலை வந்த வினை."

"அண்ணை, பகிடியில்லை. என்ரை மனுசியும் பிள்ளையும் அங்க நிக்கினம். பொலிஸ் மறிச்சா எல்லாம் முடிஞ்சுது."

"பொலிஸ் மறிச்சாக் கேஸ். வெட்டுறவன் மறிச்சாச் சவப்பெட்டி. எது வேணும்? உமக்குக் கழுத்து முழுசாக் கிடக்கு, நீர் கதைப்பீர்."

கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. மேசையைப் பார்த்தபடி அருளண்ணை கேட்டார்.

"பின் சீற்றில ஏதும் கிடந்ததோ?"

"ஏனண்ணை?"

"ராத்திரி ஒருத்தன் ஏறினவன். ஒரு கதையில்லை. மூச்சு மட்டும் பெரிசா விடுறான். கண்ணாடியில பாத்துக்கொண்டே வாறன். ஜக்கெற்றுக்குள்ள கையை விட்டான். நான் எடுத்திட்டன்."

"எடுத்து?"

"திரும்பி நேர நீட்டிட்டன். விரல் விசைக்குப் போயிட்டுது குகன். இன்னும் ஒரு இழுவைதான். அவன்ரை கையில நீலமா ஏதோ… கத்திப்பிடி எண்டுதான் நினைச்சன். அதைப் போட்டிட்டுக் கதவைத் திறந்துகொண்டு விழுந்து எழும்பி ஓடினவன். எனக்குப் பின்னுக்குத் திரும்பிப் பாக்கப் பயம்."

நான் பொக்கெற்றில் இருந்ததை எடுத்து மேசையில் வைத்தேன்.

"உது என்ன?"

"பஃபர். மூச்சு முட்டினா எடுக்கிறது."

கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். ஒருமுறை அமுக்கினார். ஸ்ஸ் என்று ஒரு புகை, ஒரு குழந்தையின் ஊதல் அளவு. அதைக் கீழே வைக்கத் தெரியாமல் வைத்திருந்தார்.

"மூச்செடுக்கவோ?"

"ஓம், அண்ணை."

சால்வையைக் கழற்றினார். அன்றுதான் அந்தத் தழும்பைக் கண்டேன். அது அவருடைய தொண்டையோடு ஏறி இறங்கியது. கடைக் கண்ணாடிக்கு வெளியே எங்கள் காரைப் பார்த்தார்.

"அவன் கார் நம்பரைப் பாத்திருப்பான்" என்றார். "நம்பரில பகல், இரவு எண்டு எழுதியிருக்கேல்லை. உம்மைத்தான் மறிப்பாங்கள். எழும்பும், அந்த வசந்திக்கு ஃபோன் அடியும்."

வெளியே நின்ற நேரம்

வசந்தியக்கா லோயரைக் கேட்டுச் சொன்னார்: ஒருவரும் காரைத் தொடக்கூடாது, ஏறக்கூடாது. லோயர் வருவார். அவரே பொலிசுக்கு அறிவிப்பார். அதுவரை வெளியே நில்லுங்கள்.

நின்றோம். எங்கள் கார், எங்கள் ஹீற்றர், எங்கள் சீற், எங்களால் ஏறமுடியாது. செபமாலையையும் முருகனையும் பனி மெல்ல மெல்ல மூடியது.

"காவலுக்கு நிண்ட ரெண்டு பேரும் உள்ள, நாங்கள் வெளிய" என்றார் அருளண்ணை. கார்த்திகைக்குப் பிறகு அவர் விட்ட முதல் பகிடி.

அவருக்குத் தண்டனை விழுந்தது; மறியலில் இருந்தார். ரக்சி லைசென்ஸ் போனது. பிறகு ஒஷாவாப் பக்கம் ஒரு பேக்கரியில் வேலை செய்தார். காரைப் பொலிஸ் சோதித்துவிட்டுத் திருப்பித் தந்தது. அதற்குத் தடுப்புக் கண்ணாடி போடும்வரை ஏறமாட்டேன் என்று பிளேட்காரரிடம் சொன்னேன்; இந்த முறை அவர் சிரிக்கவில்லை. மனைவியையும் மகளையும் விமான நிலையத்திலிருந்து அந்தக் காரில்தான் கூட்டிவந்தேன்.

வேலைக்குத் துவக்கோடு போகிறவன் தான் மட்டும் அதைச் சுமப்பதாக நினைக்கிறான். அவனுக்குப் பிறகு அந்தச் சீற்றில் இருப்பவன் சுமக்கிறான். பெட்டிகளோடு பனியில் நின்றவர் சுமந்தார். மூச்சு முட்டி ஓடினானே, முகம் தெரியாத ஒருவன், அவன் எங்கே போய் மூச்செடுத்தான் என்று இன்றும் எனக்குத் தெரியாது. தம்பிமாரே, தடுப்புக் கண்ணாடியைக் கேளுங்கள். தரும்வரை ஏறாதீர்கள்.

அன்று பொலிஸ் வந்தபோது லோயரும் பக்கத்தில் நின்றார். துவாயை எடுத்த பொலிஸ்காரர் என் பக்கம் திரும்பி, இது இங்கே இருப்பது உனக்குத் தெரியுமா என்று கேட்டார். என் வாய் திறக்கமுன் அருளண்ணை தன் உடைந்த ஆங்கிலத்தில் குறுக்கிட்டார். இவர் பகல்காரர் என்றார். பகல்காரருக்கு இரவில் நடப்பது தெரியாது என்றார். லோயர் இருவரையும் இனிப் பேசவேண்டாம் என்று கை காட்டினார்.

விலங்கு போட்டு, தலையை அமத்தி, பொலிஸ் காரின் பின் சீற்றில் அவரை ஏற்றினார்கள். அந்தக் காரில் தடுப்புக் கண்ணாடி இருந்தது. கதவு சாத்தமுன் அவர் தலையை வெளியே நீட்டினார்.

"சீற்றைப் பின்னுக்குத் தள்ளி ஓடும், குகன். இனி இறுகாது."