பேரிங் போட்ட கப்பி

மண்ணெண்ணெய் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு அடுப்பு நினைவுக்கு வராது. அப்பா பேரிங்குகளை ஊறப்போடும் அலுமினியச் சட்டிதான் வரும். பழைய கிரீஸ் கரைந்து கறுத்துக் கிடக்கும் அந்தச் சட்டிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து, துணியில் துடைத்து, விரலில் மாட்டி ஒரு சுண்டு சுண்டினால், அது ‘ஸ்ஸ்’ என்று சுற்றத் தொடங்கி, நான் வேறெங்கோ பார்த்துவிட்டுத் திரும்பும்போதும் குளிர்ச்சியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். எப்போது நிற்கும் என்பது நம் கையில் இல்லை. அதனாலேயே அது எனக்குப் பிடித்தது, அதனாலேயே கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மலையாளம் பேசும் ஊரான கரமனையில் எங்கள் வீடு. அப்பாவுக்கு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா வேலை, மனசெல்லாம் ஸ்பானரிலும் திருப்புளியிலும். ஆரியசாலையில் நாகர்கோவில் பக்கத்துக்காரர் ஒருவர் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். எங்கோ மிச்சப்பட்ட பேரிங்குகள் அவரிடம் சாக்கில் வந்து கிடந்தன. “மொத்தமா எடுத்தா கொறச்சுத் தாறேன் சாரே, பெறவு வந்து கேட்டா இருக்காது கேட்டேளா” என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் அப்பா பையை விரித்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பேரிங் ராஜ்யம். தையல் மெஷின் மிதிக்கு ஒன்று, அலமாரிக் கதவுக்கு இரண்டு, அரிசி டின்னுக்கு அடியில் ஓர் உருளும் பலகை, எனக்கு ஒரு பேரிங் வண்டி. “இந்த ஆத்துல இனி உருளாத சாமான் நான் ஒருத்திதான்” என்பாள் அம்மா. கடைசியில் அப்பாவின் பார்வை கிணற்றுக் கப்பியின் மேல் விழுந்தது.

அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து ஒரே கிணறு. இரண்டு கொல்லைகளையும் பிரிக்கும் மதில் கிணற்றின் வாயைச் சரிபாதியாகக் கடந்து போகும். ஆனால் தண்ணீர்வரை இறங்காது. மேலே இரண்டு வீடு, இரண்டு கப்பி. கீழே ஒரே தண்ணீர். குனிந்து பார்த்தால் மதிலுக்கு அடியில் அந்தப்புறத்து வாளி இறங்குவதும் முங்குவதும் ஏறுவதும் தெரியும், இறக்குகிற ஆளைத் தெரியாது.

அந்தப்புறம் செல்லம் மாமி தனியாக இருந்தார். நான் பிறப்பதற்கு முன்பே, கிணற்றில் மோட்டார் வைக்க அப்பா ஆசைப்பட்டு, ஊற்று வற்றிவிடும் என்று மாமி மறுத்து, அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. “அந்தப்புறத்துலேந்து யார் கூப்பிட்டாலும் மிண்டாதே” என்பது எனக்குச் சொல்லப்பட்ட சட்டம். பேசாதே என்பதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். ஆனால் பேச்சு நின்றதே தவிர காது நிற்கவில்லை. விடியலில் மாமியின் கப்பி ‘கிரீச்’சென்று அலறினால் “மாமி எழுந்தாச்சு” என்று அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள். அது தாமதமானால் காரணமில்லாமல் எரிந்து விழுவாள். எங்கள் கப்பி சத்தம் போடுவதை மாமியும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது, அது நின்றபிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அப்பா துருப்பிடித்த அச்சைக் கழற்றி எறிந்துவிட்டு பேரிங் வைத்துக் கப்பியை மாட்டினார். கயிறு வெண்ணெயில் ஓடுவதுபோல ஓடியது, மூச்சுச் சத்தம்கூட இல்லை. நான் ஆசையாக வாளியை விட்டேன். வாளி தண்ணீரைத் தொட்டதும் கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல ஒரு குரல் எழும்பியது: “யாரது?”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா உதட்டில் விரல் வைத்தாள். “யாரது அங்கே?” என்று குரல் மறுபடி கேட்டது. நாங்கள் வாளியை மெல்ல இழுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாளிக்கும் அந்தக் கேள்வி வந்தது. நாளாக ஆக அதில் அதட்டல் குறைந்து நடுக்கம் கூடியது. பிறகு கேள்வியும் நின்றது. மாமியின் கப்பியும் நின்றது. அந்தத் தள்ளாத வயதில் மாமி ஒரு சின்னக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக்குழாயில் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்த அம்மா தட்டில் போட்ட சோற்றை மூடிவைத்துவிட்டாள்.

மறுநாள் நண்பகலில், அப்பா ஆபீஸிலும் நான் பள்ளியிலும் இருந்த நேரத்தில், அம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு தெரு வழியாக மாமி வீட்டுக்குப் போனாள். மாமி நேரே கிணற்றடிக்கு அழைத்துப் போனாராம். “அது வெறும் பேரிங்காக்கும் மாமி, சத்தமே போடாது, ஒச்சை வராது, அவ்வளவுதான். தண்ணி எறைச்சது நான்தான்” என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே மதிலுக்கு அடியில் எங்கள் வாளி சத்தமில்லாமல் இறங்கியது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். “நீ இங்கேன்னா நிக்கறே. அப்போ அங்கே யாரு?” என்று மாமி கேட்க, அம்மா ஓட்டமாக வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மாலையில் அம்மா இவ்வளவுதான் சொன்னாள். அப்பா சிரித்தார். பழைய கப்பி துருவின் பிடியிலேயே வாளியைத் தொங்கவிட்டு வைத்திருந்ததால் எங்கள் வீட்டில் யாரும் கயிற்றைத் தூணில் கட்டியதே இல்லை. பேரிங்குக்கு அந்தப் பிடி கிடையாது, வாளியின் கனத்துக்கே கயிறு நழுவும். அவர் செய்தும் காட்டினார். நாங்கள் கையெடுத்த வாளி, யாரோ பதவிசாக இறக்குவதுபோல, தானாகக் கீழே போனது. காரணம் தெரிந்த பிறகும் நான் கிணற்றுச் சுவரைவிட்டு இரண்டடி தள்ளியே நின்றேன். அம்மா “ஓ” என்றாள். ஆனால் அதற்குப் பிறகு நண்பகலில் அவள் தனியாகக் கிணற்றடிக்குப் போகவில்லை, என்னையோ அப்பாவையோ கூப்பிட்டு நிறுத்திக்கொள்வாள்.

ஒரு நல்லதும் நடந்தது. மாமியும் அம்மாவும் மதிலுக்கு மேலாகப் பேச ஆரம்பித்தார்கள். “நான்தானாக்கும் மாமி” என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா வாளியை விடுவாள். “சரிடீம்மா” என்று அந்தப்புறத்திலிருந்து பதில் வரும். ஆனால் அந்த நண்பகலில் பார்த்ததை மாமி விடவில்லை. பால்காரரிடம், பூக்காரியிடம், கோயிலில் பக்கத்தில் நிற்பவர்களிடம் சொன்னார். பேச்சு மும்பையில் இருந்த அவருடைய அண்ணா பிள்ளை ரமணியின் காதுவரை போனது.

ரமணி கெட்டவர் இல்லை. அத்தையின் மேல் அக்கறையோடுதான் வந்தார். மாமியையும் அழைத்துக்கொண்டு எங்கள் கூடத்துக்கு வந்து, “கெணத்துல யாரோ தண்ணி எறைக்கறான்னு தெரு பூரா சொல்லிண்டிருக்கா. உங்களுக்கு ஏதாவது தெரியுமோ?” என்று கேட்டார். அப்பா உற்சாகமாக ஒரு பேரிங்கைக் கொண்டுவந்து விரலில் சுற்றிக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினார். ரமணியும் சிரித்தார். மாமி சிரிக்கவில்லை.

“எறங்கினது சரி” என்றார் மாமி. “ஏறித்தே, அது? இவ என் வாசப்படி தாண்டறதுக்கு முன்னேயே வாளி நெறஞ்சு மேலே போயாச்சு. நான் பாத்தேன்.”

அப்பா அம்மா பக்கம் திரும்பி, “நீதானே வந்து ஏத்தினே?” என்றார். மாமியும் அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவின் விரலில் சுற்றிக்கொண்டிருந்த பேரிங்கைப் பார்த்தபடி தலையாட்டினாள். ரமணி பெருமூச்சு விட்டார். அந்த வாரமே மாமியைக் கோயம்புத்தூரில் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப் போனார்கள். புத்தி பேதலித்துவிட்டது, தனியாக விடக்கூடாது என்றார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் மாமி போய்விட்ட செய்தி வந்தது.

இப்போது அப்பா இல்லை. இரண்டு வீடுகளையும் ஒருவரே வாங்கி இடித்துவிட்டார். மதில் போயிற்று, கப்பிகள் போயின. லாரி லாரியாக மண் கொட்டிக் கிணற்றைத் தூர்த்து, அதன் மேல் கார் நிறுத்தத் தளம் போட்டிருக்கிறார்கள். சென்ற மாதம் அம்மாவை அழைத்துப் போய்க் காட்டினேன். கழக்கூட்டத்தில் என் ஃபிளாட்டுக்குத் திரும்பி, சாப்பிட உட்கார்ந்த பிறகு, அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“அன்னிக்கு நான் ஏத்தலைடி. நான் வரச்சே பூட்டு பூட்டினபடி இருந்தது. தொறந்துண்டு கொல்லைக்குப் போனா, வாளி நெறையத் தண்ணியோட கெணத்துச் செவுத்து மேல இருந்தது. தண்ணி ஆடிண்டிருந்தது.”

“அப்போ யாரும்மா ஏத்தினா?” என்று கேட்டேன்.

“யாரா இருந்தா என்ன? எனக்கும் கிறுக்குன்னு எல்லாரும் சொல்லிடுவான்னு பயந்துட்டேன். மாமி கார்ல ஏறி உக்காந்து கதவைச் சாத்தற வரைக்கும் என்னையேதான் பாத்துண்டிருந்தா.”